கோவைக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு: மளிகை, காய்கறிச் செலவைக் குறைத்து வீட்டிலேயே சூப் வைப்பது எப்படி?

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கணவரின் பணியிட மாற்றத்தால் நாங்கள் நால்வரும் கோயம்புத்தூருக்குக் குடிவந்தபோது, முதல் மூன்று மாதங்கள் சம்பளம் எந்த வழியாகக் கரைகிறது என்றே தெரியாமல் தவித்தோம். வாடகையும் பள்ளிக் கட்டணமும் முன்பே தெரிந்த செலவுகள். கையைக் கடித்தது அடுப்படிச் செலவுதான். மாலையானால் இந்த ஊரின் தெருமுனைகளில் காளான் வண்டிக்குப் பக்கத்திலேயே சூப் வண்டியும் நிற்கும். மேற்கிலிருந்து குளிர்காற்று வீசும் நாள்களில் என் மகளும் மாமியாரும் அதை விரும்பிக் குடிப்பார்கள். ஒரு கோப்பை 30 ரூபாய், நான்கு பேருக்கு 120 ரூபாய், மாதத்தில் 15 நாள் வாங்கினால் 1,800 ரூபாய் என்று ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான், வீட்டிலேயே சூப் வைப்பது என்று முடிவெடுத்தேன். ஆனால் கண்ட கடையில் கண்ட விலைக்குக் காய் வாங்கி வந்து சூப் வைத்தால் அதுவும் வண்டிக் கடை விலைக்கே வந்து நிற்கிறது என்பது அடுத்த மாதம் தெரிந்தது. சூப்பின் செலவு அடுப்பில் அல்ல, சந்தையில்தான் தீர்மானமாகிறது. ஓராண்டுக்கும் மேலாகத் தட்டுத்தடுமாறி நான் கற்றுக்கொண்டதை, நீங்கள் முதல் மாதத்திலிருந்தே பயன்படுத்திக்கொள்ளும் வகையில் வரிசையாக எழுதியிருக்கிறேன். இதில் வரும் காய்கறி, மளிகை விலைகள் நான் வாங்கிய நாள்களின் விலைகள். நாளுக்கு நாள் அவை மாறும் என்பதால், அளவையும் முறையையும் பிடித்துக்கொள்ளுங்கள்.

1. ஒரு வாரத்துக்கு வீணாவதை எழுதுங்கள்

வரவு செலவுக் கணக்கு எழுதுபவர்கள்கூட வாங்கியதைத்தான் எழுதுவார்கள், தூக்கிப் போட்டதை எழுதுவதில்லை. ஒரு வாரம் மட்டும், குப்பைக்குப் போகும் ஒவ்வொன்றையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். பழுத்துப்போன பீர்க்கங்காய், அழுகிய அரைக் கட்டுக் கொத்தமல்லி, முளைவிட்ட உருளைக்கிழங்கு என்று எங்கள் வீட்டுத் தாளில் ஒரே வாரத்தில் 140 ரூபாய்க்குப் பொருள்கள் சேர்ந்திருந்தன. மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கியவைதான் அதில் பாதிக்கு மேல் இருந்தன. இந்தத் தாள் கையில் இருந்தால், எதை எவ்வளவு வாங்கக் கூடாது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

2. குடும்ப அட்டை வேலையை முதல் வாரமே தொடங்குங்கள்

இதைத் தள்ளிப்போட்டதுதான் நான் செய்த பெரிய தவறு. நியாய விலைக் கடையில் ஒரு கிலோ துவரம் பருப்பு 30 ரூபாய், ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய், சர்க்கரை கிலோ 25 ரூபாய், அரிசி அட்டைக்கு அரிசி இலவசம். வெளியே துவரம் பருப்பு விற்கும் விலையை நினைத்துப் பாருங்கள். பருப்பு வேகவைத்த தண்ணீர் பாதி சூப்புகளுக்கு அடிப்படை என்பதால், இந்த ஒரு கிலோ பருப்பு எங்கள் மாதக் கணக்கையே மாற்றியது.

ஏற்கெனவே தமிழ்நாட்டுக் குடும்ப அட்டை வைத்திருப்பவர்கள் புதிய அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டியதில்லை. பொது விநியோகத் திட்டத்தின் இணையதளத்தில் முகவரி மாற்றம் கோரினால் போதும். அட்டையே இல்லாதவர்களும், பெற்றோர் அட்டையிலிருந்து பிரிந்து தனிக் குடித்தனம் வந்தவர்களும், பழைய அட்டை எதிலாவது பெயர் இருந்தால் முதலில் அதை நீக்கிவிட்டுத்தான் புதிய அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஓர் ஆதார் எண் இரண்டு அட்டைகளில் இருக்க முடியாது என்பதால், பெயர் நீக்காமல் அனுப்பும் விண்ணப்பம் திரும்பிவிடும்.

கையில் வைத்திருக்க வேண்டியவை: குடும்பத்தினர் அனைவரின் ஆதார் அட்டைகள், குடும்பத் தலைவரின் புகைப்படம், முகவரிச் சான்று, எரிவாயு இணைப்பு விவரம், எப்போதும் உங்களிடமே இருக்கும் ஒரு கைபேசி எண். முகவரிச் சான்றாக வாடகை ஒப்பந்தத்தைக் கொடுக்கலாம். வீட்டு உரிமையாளரிடம் ஒப்பந்தம் போடும் நாளிலேயே, கதவு எண் முதல் அஞ்சல் குறியீட்டு எண் வரை முழு முகவரியும் அதில் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

இணையதளத்தில் நீங்களே விண்ணப்பித்தால் கட்டணம் இல்லை. இ-சேவை மையத்துக்குச் சென்றால் சேவைக் கட்டணம் உண்டு, அதற்கு ரசீது கேட்டு வாங்குங்கள். நான் ஒரு மையத்தில் கொடுத்தபோது வாடகை ஒப்பந்தத்தை மங்கலாகப் படமெடுத்துப் பதிவேற்றிவிட்டார்கள். எழுத்துகள் தெரியவில்லை என்று விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது எனக்கு ஆறு வாரங்கள் கழித்துத்தான் தெரியவந்தது. ஆகவே பதிவேற்றிய படத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டச் சொல்லிப் படித்துப் பார்த்த பிறகே இருக்கையிலிருந்து எழுந்திருங்கள். விண்ணப்ப எண்ணைக் குறித்துக்கொண்டு, பத்து நாளுக்கு ஒருமுறை அதன் நிலையைப் பாருங்கள்.

இன்னொரு பொறி அட்டை வகையில் இருக்கிறது. அரிசி அட்டை, சர்க்கரை அட்டை, எப்பொருளும் இல்லா அட்டை என்று கேட்கும் இடத்தில் அவசரத்தில் கடைசி வகையைத் தேர்ந்தெடுத்துவிட்டால், அட்டை அடையாளச் சான்றாக மட்டுமே பயன்படும், பொருள் கிடைக்காது. விண்ணப்பம் போன பிறகு வட்ட வழங்கல் அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு வந்து ஆய்வு செய்வார்கள். அந்த நாள்களில் வீட்டில் ஒருவராவது இருக்க வேண்டும். எங்களுக்கு இரண்டாம் முறை விண்ணப்பித்து அட்டை கைக்கு வர ஏறத்தாழ மூன்று மாதம் ஆனது. சிக்கல் ஏதும் வந்தால், மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை நடக்கும் குறைதீர் முகாமில் நேரில் சொல்வது பலன் தருகிறது. 1967 என்ற கட்டணமில்லா எண்ணிலும் கேட்கலாம். இடைத்தரகர் எவருக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

அட்டை வந்த பின், பருப்பும் பாமாயிலும் எந்த நாளில் கடைக்கு வந்து இறங்குகின்றன என்று விற்பனையாளரிடம் மரியாதையாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் கைபேசிக்கு வரும் குறுஞ்செய்தியில், நீங்கள் வாங்காத பொருள் வாங்கியதாகப் பதிவாகியிருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள்.

3. எதை எங்கே வாங்குவது என்று பிரித்துக்கொள்ளுங்கள்

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வாங்குவது நேரத்தை மிச்சப்படுத்தும், பணத்தை மிச்சப்படுத்தாது. நான் மூன்றாகப் பிரித்திருக்கிறேன்.

கெடாத மளிகை மாதம் ஒருமுறை. மிளகு, சீரகம், மல்லி, கொள்ளு, பாசிப்பருப்பு, பூண்டு ஆகியவற்றுக்கு டவுன்ஹால் பக்கம் உள்ள ரங்கை கவுடர் வீதி நல்லது. அது மொத்த வியாபாரத் தெருவாக இருந்தாலும், அரைக் கிலோ, ஒரு கிலோ என்று கொடுக்கும் கடைகளும் அங்கே உண்டு. ஞாயிற்றுக்கிழமை போய் ஏமாறாமல், வேலை நாளில் முற்பகலில் செல்லுங்கள். மிளகைத் தூளாக வாங்க வேண்டாம். முழு மிளகை வாங்கி, ஒன்றிரண்டை உள்ளங்கையில் அழுத்திப் பாருங்கள். நன்கு காய்ந்த மிளகு எளிதில் நசுங்காது, தண்ணீரில் போட்டால் பெரும்பாலும் மூழ்கும்.

வாரக் காய்கறி உழவர் சந்தையில். இதைப் பற்றி அடுத்த படியில் விரிவாகச் சொல்கிறேன்.

தக்காளி, வெங்காயம் விலை ஏறும் காலத்தில் மட்டும் மேட்டுப்பாளையம் சாலையில் உள்ள எம்.ஜி.ஆர். மொத்த மார்க்கெட். அங்கே மூட்டையாகவும் பெட்டியாகவும்தான் வாங்க வேண்டியிருக்கும். எங்கள் குடியிருப்பில் மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு பெட்டித் தக்காளி வாங்கிப் பிரித்துக்கொள்கிறோம். தனியொரு குடும்பம் பெட்டியாக வாங்கினால் பாதி அழுகும், அந்த மலிவு மலிவே அல்ல.

வீட்டுக்கே கொண்டுவந்து தரும் செயலிகளில் காயின் விலை மட்டும் குறைவாகத் தெரியும். கொண்டுவரும் கட்டணம், கையாளும் கட்டணம், குறைந்தபட்சத் தொகையை எட்டுவதற்காகச் சேர்க்கும் தேவையற்ற பொருள் ஆகிய மூன்றையும் கூட்டிப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

4. உழவர் சந்தைக்குச் செல்லும் நேரத்தையும் இந்த ஊர்ப் பெயர்களையும் தெரிந்துகொள்ளுங்கள்

ஆர்.எஸ்.புரம், சிங்காநல்லூர், சுந்தராபுரம், வடவள்ளி ஆகிய இடங்களில் உழவர் சந்தைகள் உள்ளன. வாசலிலேயே பெரிய பலகையில் அன்றைய விலை எழுதப்பட்டிருக்கும். மொத்த விலையைவிடச் சற்றுக் கூடுதலாகவும் வெளிக்கடை விலையைவிடக் குறைவாகவும் நாள்தோறும் காலையில் அதிகாரிகள் நிர்ணயிக்கும் விலை அது. உள்ளே போவதற்கு முன், அந்தப் பலகையைக் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கடையிலும் விலை கேட்டு நிற்கும் வேலை மிச்சமாகும். பலகை விலையைவிடக் கூடுதலாகச் சொன்னால் சந்தைக்குள்ளேயே இருக்கும் அலுவலகத்தில் சொல்லலாம்.

நேரம்தான் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. காலை 6 மணிக்குச் சென்றால் கீரை, கறிவேப்பிலை, கொத்தமல்லி ஆகியவை பனி ஈரம் காயாமல் கிடைக்கும், ஆனால் விலையில் ஒரு ரூபாயும் குறையாது. 10 மணிக்கு மேல் சென்றால் விவசாயிகள் ஊர் திரும்பும் பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் இருப்பார்கள். மிச்சமிருக்கும் காயைக் கூறு கட்டி வைப்பார்கள். நான் கண்டுகொண்ட வழி இது: கீரையும் தழையும் வேண்டிய நாளில் அதிகாலை, சூப்புக்கான காய் வேண்டிய நாளில் 10 மணி. சூப்பில் காய் வெந்து கரையப்போகிறது என்பதால், வளைந்த கேரட்டும் சிறுத்த பீன்ஸும் தழும்பு விழுந்த தக்காளியும் அதற்குப் போதும். பொரியலுக்கு வேண்டிய அழகு சூப்புக்கு வேண்டியதில்லை. ஆனால் கூறு வாங்கும்போது மேலே இருப்பதை மட்டும் பார்த்து வாங்காமல், அடியில் உள்ள இரண்டு காயையாவது புரட்டிப் பாருங்கள். வாடியதை வாங்கலாம், பூஞ்சை பிடித்ததையும் சாறு ஒழுகுவதையும் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

விவசாயிகளோடு அடாவடியாகப் பேரம் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. பலகை விலையே நியாயமான விலை. ஒரே ஆளிடம் வாரந்தோறும் வாங்கினால் கேட்காமலே ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் நான்கு பச்சை மிளகாயும் பையில் விழும்.

தென்மாவட்டங்களிலிருந்து வருபவர்கள் சில பெயர்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். நாம் மஞ்சள் பூசணி என்பது இங்கே அரசாணிக்காய். சௌசௌவுக்கு மேரக்காய் என்று பெயர். சீனியவரைக்காய் என்று கேட்டால் விழிப்பார்கள், கொத்தவரங்காய் என்று கேளுங்கள். முருங்கைக்கீரையை முருங்கைத் தழை என்பார்கள். எல்லாவற்றையும்விட முக்கியமாக, நம் ஊர்க் காணம்தான் இவர்களின் கொள்ளு. முதல் வாரம் நான் பூசணிக்காய் கேட்டபோது ஓர் அம்மா வெள்ளைப் பூசணியை எடுத்துக் கொடுத்தார். நான் மஞ்சள் கீற்றைக் காட்டியதும், “அரசாணிக்காய்ங்களா? அப்படிக் கேளுங்க கண்ணு” என்று சொல்லி, விதையோடு ஒரு கீற்றை வெட்டித் தந்தார். அந்த விதையைக் கழுவிக் காயவைத்து வறுத்தால் சூப்பின் மேல் தூவலாம்.

5. எடையிலும் பொட்டலத்திலும் ஏமாறாமல் இருங்கள்

தராசில் காயை வைப்பதற்கு முன் எண் சுழியத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். கூடையோடு நிறுத்தால் கூடையின் எடை கழிக்கப்பட வேண்டும். என் மாமியார் செய்வதுபோல, ஏற்கெனவே எடை தெரிந்த ஒரு பொருளைப் பையில் வைத்திருப்பதும் நல்ல வழி. பிரிக்காத ஒரு கிலோ உப்புப் பொட்டலத்தை ஒருமுறை தராசில் வைத்தாலே உண்மை தெரிந்துவிடும். எடையில் குறை இருந்தால் தொழிலாளர் துறையிடம் புகார் செய்யலாம். அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் வாங்கினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். எதற்கும் ரசீது வேண்டும்.

சூப்பர் மார்க்கெட்டில் பெரிய பொட்டலம்தான் மலிவு என்று எண்ண வேண்டாம். பொட்டலத்தின் விலைக்கு அருகில், ஒரு கிராமுக்கோ ஒரு கிலோவுக்கோ என்ன விலை என்பதும் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். இரண்டு பொட்டலங்களை அந்த எண்ணை வைத்து ஒப்பிடுங்கள். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று வைத்திருக்கும் பொருளின் காலாவதித் தேதியைப் பார்க்காமல் எடுக்காதீர்கள். உடனடி சூப் தூள் பொட்டலங்களின் பின்புறத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். பெரும்பாலும் மாவும் உப்பும் சர்க்கரையும் முன்வரிசையில் இருக்கும், காய் கொஞ்சம்தான் இருக்கும்.

6. வாங்கி வந்த அன்றே அரை மணி நேரம் ஒதுக்குங்கள்

சந்தைப் பையை அப்படியே குளிர்பெட்டிக்குள் தள்ளுவதுதான் காய் வீணாவதற்கு முதல் காரணம். முதலில் தக்காளியைத் தனியே எடுத்து, காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி கூடையில் பரப்புங்கள். சின்ன வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் போடாதீர்கள், கிழங்கு விரைவில் முளைவிடும். கொத்தமல்லியின் வேரை வெட்டிக் கழுவி அதைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, தழையை ஈரமில்லாமல் துணியில் சுற்றி டப்பாவில் வையுங்கள்.

முருங்கைத் தழையை உட்கார்ந்து உருவ நேரமில்லையென்றால், கட்டைப் பிரிக்காமல் செய்தித்தாளிலோ பருத்தித் துணியிலோ இறுகச் சுற்றி இரவு முழுவதும் வெளியிலேயே வைத்துவிடுங்கள். காலையில் பிரித்து உதறினால் இலைகள் தாமாகவே உதிரும். ஈர்க்குகளை மட்டும் பொறுக்கி எடுத்தால் போதும். இரண்டாம் இரவைக் கடந்தால் இலை மஞ்சளாகிவிடும்.

7. எறியும் துண்டுகளிலிருந்து அடிச்சாறு எடுங்கள்

சூப் வண்டிக் கடையின் சுவை எங்கிருந்து வருகிறது என்று நான் வெகு நாள் யோசித்தேன். வெறும் தண்ணீரில் காயைப் போட்டு வேகவைத்தால் அந்தச் சுவை வராது. ஏற்கெனவே காயின் சாறு இறங்கிய தண்ணீர் வேண்டும். அதற்காகத் தனியே காய் வாங்கத் தேவையில்லை. கேரட்டின் இரு முனைகள், பட்டாணித் தோல், பீர்க்கங்காய்த் தோல், காளான் காம்பு, முருங்கைக்காயின் நுனி, மக்காச்சோளத் தக்கை, கொத்தமல்லி வேர், தக்காளியின் காம்புப் பகுதி ஆகியவற்றைச் சமைக்கும்போதே ஒரு டப்பாவில் போட்டு உறைபெட்டியில் சேர்த்து வையுங்கள். நான்கைந்து நாளில் டப்பா நிறைந்துவிடும்.

நிறைந்ததும், ஒன்றரை லிட்டர் தண்ணீர், ஐந்து மிளகு, ஒரு துண்டு இஞ்சி சேர்த்து, மூடிய பாத்திரத்தில் சிறு தீயில் அரை மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். உப்புப் போட வேண்டாம், பின்னர் சூப்பில் போடும் உப்போடு சேர்ந்து கரித்துவிடும்.

எதைச் சேர்க்கக் கூடாது என்பது இதில் முக்கியம். முட்டைக்கோஸ், காலிபிளவர் தண்டுகள் அதிகமானால் வாடை அடிக்கும். பாகற்காய் கசக்கும், பீட்ரூட் எல்லாவற்றையும் சிவப்பாக்கும். பச்சை படர்ந்த உருளைக்கிழங்குத் தோல் உடலுக்குக் கேடு. வெங்காயச் சருகில் கரும்பொடி போலப் படிந்திருப்பது பூஞ்சை, அதை ஒருபோதும் போடாதீர்கள். மண் ஒட்டிய வேர்களைச் சேர்த்து வைக்கும் முன்பே இரண்டு மூன்று தண்ணீரில் அலசிவிடுங்கள்.

8. முதல் சூப்பாகக் கொள்ளு சூப் வையுங்கள்

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் கொள்ளைத்தான் சொல்வேன். விலை மலிவு, ஆண்டு முழுவதும் கிடைக்கும், ஒரே அடுப்பில் சூப்பும் சோற்றுக்குப் பிசைய ஒரு மசியலும் கிடைத்துவிடும்.

நான்கு பேருக்கு 100 கிராம் கொள்ளு எடுங்கள். அகலமான தட்டில் பரப்பி வெளிச்சத்தில் பாருங்கள். கொள்ளின் நிறத்திலேயே சிறு கற்கள் இருக்கும், கண்ணுக்கு எளிதில் படாது. அதனால் பொறுக்கிய பிறகும், ஒரு பாத்திரத்தில் தண்ணீர் விட்டு, பாத்திரத்தை மெல்லச் சாய்த்துச் சாய்த்து அரித்தெடுங்கள். கல் அடியில் தங்கிவிடும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் பல்லில் கடிபடும், பிறகு வீட்டில் யாரும் அந்தச் சூப்பைத் தொட மாட்டார்கள்.

எட்டு மணி நேரம் ஊறவைத்து, ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஒன்றேகால் லிட்டர் அடிச்சாறோ தண்ணீரோ ஊற்றிக் குக்கரில் ஏழு விசில் விடுங்கள். ஊறவைக்காமல் போட்டால் இதைப்போல இரு மடங்கு நேரம் அடுப்பு எரியும். ஆவி அடங்கியதும் தண்ணீரை வடித்தெடுங்கள். கரும்பழுப்பாக, சற்றே வழவழப்பாக இருக்கும் இந்தத் தண்ணீர்தான் சூப்.

வெந்த கொள்ளில் இரண்டு மேசைக்கரண்டி மட்டும் எடுத்து, ஆறு சின்ன வெங்காயம், ஐந்து பல் பூண்டு, ஒரு தேக்கரண்டி மிளகு, ஒரு தேக்கரண்டி சீரகம், ஒரு தக்காளி சேர்த்து விழுதாக அரையுங்கள். அரைப்பதற்கு முன் வெங்காயத்தையும் பூண்டையும் அரைக் கரண்டி எண்ணெயில் நிறம் மாறும் வரை வதக்கினால் பச்சை வாடை இருக்காது. விழுதைக் கொள்ளுத் தண்ணீரில் கரைத்து, உப்புப் போட்டு, பொங்கி வரும் வரை மட்டும் சூடாக்குங்கள். நெடுநேரம் கொதித்தால் மிளகின் மணம் போய்விடும், கசப்பும் தட்டும். பொங்கியதும் கறிவேப்பிலை, கொத்தமல்லி போட்டு மூடி வையுங்கள். எஞ்சிய கொள்ளை வரமிளகாய், வெங்காயம், சீரகத்தோடு தாளித்து மசித்தால் மறுவேளைச் சோற்றுக்கு ஆயிற்று. இந்த ஊர்க்காரர்கள் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து சாப்பிடுவார்கள்.

செலவைப் பாருங்கள். கொள்ளு 9 ரூபாய், சின்ன வெங்காயம் 3, பூண்டு 3, தக்காளி 3, மிளகும் சீரகமும் 5, தழைகள் 3, எரிவாயு ஏறத்தாழ 6. மொத்தம் 32 ரூபாய். ஒரு கோப்பை 8 ரூபாய்க்கு வருகிறது, மசியல் தனி. கொள்ளு உடலுக்குச் சூடு என்று இங்குள்ளவர்கள் சித்திரை, வைகாசியில் அதைக் குறைத்துக்கொள்வார்கள். நாங்களும் அப்படியே செய்கிறோம்.

9. பிறகு காலத்துக்கேற்ற சூப்புகளுக்குச் செல்லுங்கள்

முருங்கைத் தழை சூப்புக்கு அடிச்சாறுகூடத் தேவையில்லை. இரண்டு கை இலை, நான்கு சின்ன வெங்காயம், மூன்று பல் பூண்டு, துவரம் பருப்பு வெந்த தண்ணீர் இரண்டு கோப்பை போதும். இலையைக் கடைசியில் போட்டு, மூடாமல் ஐந்து நிமிடம் வேகவிடுங்கள். மார்கழியில் முருங்கைக்காய் எட்டாத விலையில் விற்கும்போதும் தழை மலிவாகவே கிடைக்கும்.

வாழைத்தண்டு வாங்கும்போது மெலிந்த, வெண்மையான தண்டைக் கேளுங்கள். பருத்த தண்டில் நார் அதிகம். வட்டமாக வெட்ட வெட்ட நூல்போல வரும் நாரை ஆள்காட்டி விரலில் சுற்றிச் சுற்றி எடுத்துவிட்டு, துண்டுகளை உடனே மோர் கலந்த தண்ணீரில் போடுங்கள், இல்லையெனில் கறுத்துவிடும்.

அரசாணிக்காய் சூப் குழந்தைகளுக்கு ஏற்றது. பொங்கலையொட்டி அது மலிவாக இருக்கும். வேகவைத்து மசித்து, மிளகும் உப்பும் போட்டு, கொஞ்சம் பால் சேர்த்தால் சோள மாவு இல்லாமலே கெட்டியாக வரும்.

அசைவம் உண்பவர்களுக்குப் புரட்டாசிதான் நல்ல காலம். அந்த மாதம் பலர் அசைவத்தை விட்டுவிடுவதால் ஆட்டுக்காலும் கோழியும் விலை இறங்கும். அதே காரணத்தால் காய்கறி சற்று ஏறும். ஆட்டுக்காலைக் கடையிலேயே தீயில் வாட்டி, முடி போகச் சுரண்டி, துண்டுகளாக்கித் தரச் சொல்லுங்கள். வீட்டில் அந்த வேலை செய்ய இயலாது. மஞ்சள் தூள் போட்டுக் கழுவி, குக்கரில் முக்கால் மணி நேரம் சிறு தீயில் வைத்தால்தான் சாறு இறங்கும். விலை கட்டுப்படியாகாத மாதங்களில், கோழிக் கடையில் கழுத்தும் முதுகெலும்பும் தனியே கேளுங்கள். இறைச்சி விலையில் ஒரு சிறு பங்குக்கே கிடைக்கும்.

விலை ஏறும் காலங்களையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஓணத்துக்கு முந்தைய நாள்களில் கோவைச் சந்தைகளிலிருந்து கேரளத்துக்குக் காய் போவதால் இங்கே விலை உயரும். வடகிழக்குப் பருவமழையில் தக்காளியும் சின்ன வெங்காயமும் ஏறும். முகூர்த்த நாள்களிலும் ஆயுத பூஜைக்கு முன்பும் சந்தைக்குப் போகாமல் இருப்பதே நல்லது. அந்த வாரங்களில் கொள்ளும் பருப்பும் கைகொடுக்கும்.

10. மிச்சமான சூப்பைக் கவனமாக வையுங்கள்

சிக்கனம் என்று இரண்டு நாளுக்குச் சேர்த்து வைப்பவர்கள் இதில்தான் தவறுகிறார்கள். கொதிக்கக் கொதிக்க மூடி குளிர்பெட்டியில் வைத்தால் பெட்டியில் உள்ள மற்றவை கெடும், அடுப்படியிலேயே விடிய விடிய விட்டால் சூப் கெடும். அகன்ற பாத்திரத்தில் ஊற்றி, அதைத் தண்ணீர் நிரம்பிய தட்டில் இறக்கி வைத்து ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். பால் சேர்க்க வேண்டிய சூப்பாக இருந்தால், அன்றைக்குக் குடிக்கும் பங்கில் மட்டும் பாலைச் சேருங்கள்.

அடிச்சாறை உறையவைப்பதாக இருந்தால் கண்ணாடிக் குப்பி வேண்டாம், உறையும்போது விரிந்து குப்பி உடையும். எவர்சில்வர் டப்பாவில் இரண்டு விரல்கடை இடம்விட்டு ஊற்றி, மேலே தேதி எழுதி ஒட்டுங்கள். மறுநாள் சூப்பை எடுக்கும்போது தேவையான அளவை மட்டும் ஊற்றிக் கொதிக்க வையுங்கள், முழுவதையும் சுடவைத்துத் திரும்ப உள்ளே வைக்காதீர்கள். இரண்டாம் நாள் மாலையும் மிஞ்சியிருந்தால் நான் அதைப் பருப்புக் குழம்பில் தண்ணீருக்குப் பதிலாக ஊற்றிவிடுகிறேன். மூன்றாம் நாளுக்கு வைப்பதில்லை.